மோயிராவின் முட்டி

பேசிக்கொண்டிருந்த ஹோவர்ட் சட்டென்று நிறுத்தினார்.

அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று அவரோடு நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டில் ஒரு சரிவில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தோம். எதிர்மேட்டில் அபூர்வமான பறவை ஒன்று தெரிகிறதென்று பைனாகுலரை எடுத்தவர், அதன் அலகு, முட்டை, குடும்ப விவகாரம் என்று விளக்கிக்கொண்டே போனார். வாக்கியத்தின் நடுவில் வாய் நின்றுவிட்டது.

"என்ன பறவை?" என்றாள் எங்களோடு வந்த ப்ரிசில்லா.

"பறந்துடுச்சு."

அவர் மடியில் நழுவவிட்ட பைனாகுலரை நான் எடுத்துப் பார்த்தேன்.

எதிர்மேட்டு உச்சிப் பாறையில் ஒரு பெண் கையையும் காலையும் ஊன்றி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிக்கொண்டிருந்தாள். மேலே போய் நிமிர்ந்து நின்றாள். தொப்பியைக் கழற்றினாள். நரைத்த முடி காற்றில் பறக்க, ஆளில்லாத வெளியைப் பார்த்து வாயை அகலத் திறந்து ஏதோ பாடினாள்.

ஹோவர்டின் மனைவி மோயிரா.

காலையில் அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். நண்பர்கள் சேர்ந்து வருடாவருடம் வாடகைக்கு எடுக்கும் பழைய பண்ணை வீடு அது. இந்த முறை வந்து இறங்கிய அன்றே அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, முக்காலியில் நீட்டிய கால், முட்டியின் மேல் ஐஸ் ஒத்தடத்துக்கு உறைந்த பட்டாணிப் பொட்டலம்.

ஹோவர்ட் அவள் கையெட்டும் தூரத்தில் தேநீர் பிளாஸ்க்கை வைத்தார், போனை வைத்தார். மாடிப்படி ஏறவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

"என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. நீங்க சந்தோஷமா போய்ட்டு வாங்க," என்றாள் மோயிரா, தியாகியின் குரலில்.

ஹோவர்ட் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் வாய்க்கு மட்டும் போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு கல்லை விடமாட்டார், ஜாதகம் சொல்லாமல். அன்று கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, "பாவம் மோயிரா, தனியா உக்காந்திருப்பா, சீக்கிரம் திரும்பிடலாம்," என்று வேறு சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் சாண்ட்விச்சைப் பார்த்தேன்.

"அந்தப் பழைய பாலத்தைப் பாத்துட்டுப் போலாமே," என்றார்.

பாலம் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. போனோம். மழை பிடித்துக்கொண்டது. திரும்புகையில் ஹோவர்டின் ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்து கட்டினார். பிறகு, அவிழாத இன்னொன்றை அவிழ்த்துக் கட்டினார்.

வீட்டருகே வரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஹோவர்டுக்கும் எனக்கும் ஜன்னல் தெரிந்தது. நாற்காலி காலி.

ஹோவர்ட் திரும்பினார். செம்மறிக் கூட்டத்தை மடக்குவதுபோல இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்துக்கொண்டார்.

"இந்தச் சுவரைக் கொஞ்சம் பாருங்க."

வயலையும் பாதையையும் பிரிக்கிற ஆள் உயரக் கல்சுவர். நாங்கள் வருடாவருடம் பார்க்கிற சுவர்தான்.

சாந்தில்லாமல் கல்லை அடுக்கும் விதத்தைச் சொன்னார். பாசியைப் பற்றிச் சொன்னார். கல் எந்த மலையின் வயிற்றில் பிறந்தது என்று சொன்னார். எங்கள் கழுத்து வழியாகத் தண்ணீர் முதுகுக்குள் இறங்கியது. கடைசியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோனது.

அப்போது, வாழ்நாளில் செய்யாத ஒன்றை ஹோவர்ட் செய்தார். புளுக ஆரம்பித்தார்.

ஈனக், ஏமஸ் என்று அண்ணன் தம்பி இருவராம். இருவருக்கும் பொதுவாக ஒரு பன்றியாம். அதனால் வந்த சண்டையில் எழும்பியதாம் இந்தச் சுவர். பன்றி தினமும் காலையில் மாறி மாறி அடுத்த பக்கத்தில் நிற்குமாம்.

"ஹோவர்ட், உன் பன்னியை உள்ள வந்து சொல்லேன்பா. நனைஞ்சு சாகறோம்," என்றாள் ப்ரிசில்லா.

"உள்ள எப்படிச் சொல்றது? சுவர் இங்கதானே இருக்கு."

ஈனக் தடியை ஓங்கிக்கொண்டு தம்பி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். அந்நேரம் எங்கள் சமையலறையில் விளக்கு எரிந்தது.

"சரி, வாங்க போலாம்," என்றார் ஹோவர்ட், ஈனக்கை ஓங்கிய கையோடு விட்டுவிட்டு.

உள்ளே மோயிரா நாற்காலியில் இருந்தாள். முக்காலியில் கால், முட்டியில் பட்டாணி.

"அடப் பாவமே, எல்லாரும் இப்படித் தொப்பலா நனைஞ்சிட்டீங்களே."

அவள் தலையும் ஈரமாகத்தான் இருந்தது. இப்போதுதான் குளித்தாளாம். காலுறையும் ஈரம். ஹோவர்ட் குனிந்து போர்வையை இழுத்து அவள் பாதத்தை மூடினார்.

சாப்பாட்டு மேசையில் ப்ரிசில்லாவுக்கு ஆறவே இல்லை. "மோயிரா, உன் வீட்டுக்காரர் எங்களைக் கொட்டற மழையில நிக்கவச்சு ஒரு சுவரைக் காட்டினாரு. வெறும் சுவரு."

மோயிரா ப்ரிசில்லாவின் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தாள். அடுத்த கரண்டியோடு கணவர் பக்கம் திரும்பினாள்.

"அது இருக்கட்டும் ஹோவர்ட், அந்தப் பன்னி கடைசியில யாருக்குப் போச்சு? அண்ணனுக்கா, தம்பிக்கா?"

உள்ளே வந்ததிலிருந்து யாரும் பன்றிப் பேச்சை எடுக்கவில்லை. ப்ரிசில்லா மென்றுகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி நனைந்துகொண்டு நின்றிருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹோவர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மனைவியை வெகுநேரம் பார்த்தார். காது நுனிவரை சிவந்துபோயிருந்தார்.

"நாளைக்கும் நீ எங்களோட நடக்க வேணாம்," என்றார். "முட்டி நல்லா ஆறட்டும்."