மிதிப்பதற்கு முன்

பிரேக்குக்குப் புது பேட் மாட்டியதிலிருந்து பல் டாக்டரின் கார் கிறீச்சிட்டது. கிறீச் சத்தம் அவருக்குத் தொழில்முறையில் பழக்கம்தான். ஆனாலும் மகளைப் பள்ளியில் விடும் வண்டி என்பதால் இருப்புக் கொள்ளவில்லை.

“மிதிச்சா கத்துதா, விட்டா கத்துதா?” என்று கேட்டார் மெக்கானிக்.

“மிதிக்கறதுக்கு முன்னாடி கத்துது.”

“ஊசியப் பாக்கறதுக்கு முன்னாடியே கத்தறவங்க உங்ககிட்ட வருவாங்கல்ல டாக்டர், அந்த ரகம் போல. எடுங்க, பாத்துடலாம்.”

மெக்கானிக் பக்கத்தில் ஏறிக்கொண்டார். காலியான சாலையில் கார் கிறீச்சிட்டது. டாக்டரின் கால் பிரேக்கில் இல்லை. சத்தம் நின்ற மறுகணம் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. டாக்டர் மிதித்தார். வண்டி சத்தமில்லாமல் நின்றது.

“பிரேக் நல்லாத்தான் பிடிக்குது,” என்ற மெக்கானிக் இறங்கி, பட்டறைக்கு நடந்தே போனார்.

மறுநாள் காலை, வாசலில் நின்றிருந்த கார் கிறீச்சிடத் தொடங்கி விடாமல் கிறீச்சிட்டது. சாவி டாக்டரின் கையில்தான் இருந்தது.

“இன்னைக்கு நடந்தே போயிடலாம்மா.”

“வண்டி கூப்பிடுதுப்பா,” என்றாள் மகள்.

“கூப்பிட்டா கூப்பிடட்டும்.”

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் சத்தம் நின்றது.