கை பட்ட மாவு

மாத்திரை தின்றே குடல் வெந்துபோன மயில்சாமிக்கு, புளித்த மாவு இட்லிதான் வயிற்றில் தங்கியது. நல்ல கிருமி அதில்தான் இருக்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மனைவி தெய்வானை கையால் கரைத்தால்தான் அந்த வீட்டில் மாவு பொங்கும். அந்தக் கையைத்தான் முந்தாநாள் அவன் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருந்தான். நேற்று அவனே கரைத்த மாவு சப்பென்று கிடந்தது. "கிருமி உங்கையிலதான்டி இருக்குது, கரை" என்று கட்டுப்போட்ட கையைப் பிடித்துக் குண்டாவுக்குள் அமுக்கினான். உள்ளே எலும்பு நறுக்கென்றது. புண்ணில் உப்பு எரிந்தது. விடிந்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. "பாத்தியா!" என்று மண்டியிட்டு, தலையைக் குண்டாவுக்குள் விட்டு மோந்தான். தெய்வானை அதே கையை அவன் பிடரியில் வைத்து, உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்தாள். மாவு வெகுநேரம் குமிழ்விட்டது.