வேலியில ஒரு பொட்டு

"அண்ணை, உங்கட உஸ்மானை நம்பினால் எங்கட காணி ஊர்ச் சந்தையாப் போகும். சொல்லிப்போட்டன்!"

லண்டனில, மிச்சம் எண்ட இடத்தில இருக்கிற என்ர கடைக்குள்ள வைச்சுத்தான் சொன்னன். நித்தி அண்ணை பஸ் ஷிப்ட் முடிஞ்சு, யூனிபோமோடயே தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டார்.

"அவன் நல்லவன், லதீசன்."

"நல்லவனெண்டால் ஏன் வேலியில ஆக்கள் நுழையிற பொட்டை அடைக்கிறானில்லை?"

"அது கிடக்கட்டும் விடு" எண்டுபோட்டு வெளிக்கிட்டிட்டார்.

காணி இருக்கிறது மிச்சத்தில இல்லை. இந்தோனேசியாவில, சுமத்ராத் தீவில, பாசிர் கெச்சில் எண்டொரு சின்னக் கடற்கரைக் கிராமத்தில. தென்னந்தோட்டம், சுற்றுலாக்காரருக்கு மூண்டு குடில், முப்பது வருசக் குத்தகை. அண்ணைதான் முதல் எடுத்தவர். ரெண்டு வருசத்துக்கு முன்னம் நானும் பாதிக்குப் பாதி சேர்ந்தன். இஞ்ச பனி தொடங்கினால் அண்ணை லீவையெல்லாம் ஒண்டாச் சேர்த்துக்கொண்டு போய், அங்க சாரம் கட்டிக்கொண்டு ஆறு கிழமை இருப்பார்.

"உலகத்தில வேற இடமே கிடைக்கேல்லையோ அண்ணை?" எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம்.

"காத்து நல்லம்" எண்டு மட்டும் சொல்லுவார்.

கடற்கரையில காணி எடுத்துப்போட்டுக் கடலில கால்கூட நனைக்க மாட்டார். அதுவும் எங்களுக்குப் பகிடிதான்.

போன தையில நானும் போய்ப் பத்து நாள் நிண்டன். உஸ்மான் வீட்டுச் சோறும் மீனும் அமிர்தம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் கடல் பக்க மூங்கில் வேலியில, ஒரு ஆள் நுழையக்கூடிய பொட்டு. மீன்காரப் பெண்டுகள், பள்ளிக்கூடப் பிள்ளையள், ஆடு, கோழி, எல்லாருக்கும் அதுதான் பாதை!

எனக்கு ரத்தம் கொதிச்சது. வேலி எண்டு வந்தால் நாங்கள் யாழ்ப்பாணத்தார் எல்லோ! பக்கத்து வீட்டுக்காரர் அரை அடி தள்ளி வேலி போட்டிட்டார் எண்டு பதினெட்டு வருசம் கோட்டுக்கச்சேரி ஏறி இறங்கினவர் என்ர அப்பா.

உஸ்மான்தான் காணிக்குக் காவல். மனுசியோட உள்ளுக்கையே ஒரு கொட்டிலில இருந்தவன். போனில மொழிபெயர்க்கிற ஆப்பைப் பிடிச்சுக்கொண்டு அவனிட்டச் சொன்னன்.

"உந்தப் பொட்டை அடை."

சிரிச்சான். "பெலும், துவான்."

துவான் எண்டால் ஐயா. பெலும் எண்டால் "இன்னும் இல்லை". அந்த ஊரில ஒருத்தரும் முகத்துக்கு நேர "மாட்டன்" எண்டு சொல்லாயினம்.

லண்டனுக்கு வந்த பிறகும் கிழமைக்கு ஒருக்கா போன் அடிச்சன்.

"அடைச்சாச்சோ?"

"பெலும், துவான்."

பங்குனியில எனக்குப் பொறுமை போட்டுது. "நாளைக்குள்ள அடைக்காட்டி உனக்கு வேலை இல்லை!"

அதுக்கு அவன் சொன்னான்: "ஆனந்தனைக் கேளுங்கோ துவான். அவர் அடைக்கச் சொன்னால் அடைக்கிறன்."

ஆனந்தன் எண்டது நித்தி அண்ணையைத்தான். முழுப்பேர் நித்தியானந்தன். அப்ப நான் ஆர்? பாதிக் காணி என்ரை! நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. அண்டைக்கே அவனை நிப்பாட்டிப்போட்டு வேற ஒருத்தனைப் பிடிச்சன். உஸ்மான் ஒரு சொல்லுச் சண்டை பிடிக்கேல்லை. குடில் பூட்டுத் திறப்பைக் கிராமத் தலைவரிட்டக் குடுத்திட்டு, மனுசியையும் கூட்டிக்கொண்டு போட்டானாம்.

மூண்டு நாளில படம் வந்தது. அண்ணை கடைக்கு வர, துள்ளிக்கொண்டு காட்டினன்.

"பாருங்கோ அண்ணை! மூங்கிலுக்கு மேல முள்ளுக்கம்பியும் அடிச்சாச்சு. இப்ப ஒரு கோழிக்குஞ்சு நுழையட்டும் பாப்பம்!"

அண்ணை படத்தை ரெண்டு விரலால பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தார்.

"உஸ்மான் எங்க?"

"நிப்பாட்டிப்போட்டன். சொல்வழி கேக்காதவனை வைச்சு என்ன செய்யிறது?"

அவர் அங்க கிடந்த அரிசி மூட்டையில இருந்திட்டார். முகம் வெளிறிப் போச்சு.

"நான் எந்த வழியால லண்டனுக்கு வந்தனான் எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை, என்ன?"

கேக்கேல்லைத்தான். எங்கட ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் உந்தக் கேள்வி கேக்கிறதில்லை.

"பதிமூண்டு வருசத்துக்கு முன்னம், அவுஸ்திரேலியாவுக்கெண்டு வெளிக்கிட்ட படகு அந்தக் கரையிலதான் உடைஞ்சது. முப்பத்தெட்டுப் பேர் நீந்தி ஏறினம். தெரிஞ்ச முகம் ரெண்டைக் கடல் கொண்டு போட்டுது. கரை நீளத்துக்கும் மூங்கில் வேலி. அப்பவும் அந்தத் தோட்டத்துக்கு உஸ்மான்தான் காவல், முதலாளிதான் வேற. கத்தியை எடுத்து வேலியை வெட்டி எங்களை உள்ளுக்கு எடுத்தான். பதினொரு நாள் சோறு தந்தவன், லதீசன். அந்தப் பொட்டு அப்பிடி வந்தது."

கடலில கால் நனைக்காததை எத்தினை தரம் பகிடி பண்ணியிருப்பன்! என்ர கன்னத்தில நானே அறையவேணும் போல கிடந்தது.

"ஐயோ அண்ணை, முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! இப்பவே போன் அடிச்சு மன்னிப்புக் கேக்கிறன். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுறன்."

அடிச்சன். திரும்பவும் அடிச்சன். உஸ்மானின்ர போன் நிப்பாட்டிக் கிடந்தது.

"அண்டைக்கு எங்களை உள்ள விட்டதுக்காக அந்த முதலாளியும் வேலியை அடைச்சுப்போட்டு அவனை வேலையை விட்டுக் கலைச்சவன்" எண்டார் அண்ணை. "அந்தப் பொட்டைத் திரும்பத் திறந்து, போன அந்த வேலையை அவனுக்குத் திருப்பிக் குடுக்கத்தான் தம்பி, நான் அந்தக் காணியையே எடுத்தனான்."