இருபத்தேழாம் நம்பர் மானிட்டர்

"மூணு செகண்டு," என்றார் மேனேஜர். "நம்ம கார்டு போட்ட கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்க மூணு செகண்டு அதிகம் எடுக்குது. சோம்பல் முறிக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரம்மா சிரிக்கவில்லை. அந்த மூன்று விநாடி அவருடையது.

அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டரில் படம் காட்டும் கார்டை இயக்குகிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயராம். அதை எழுதுகிறவர் என்பதால் எங்களுக்கு அவர் டிரைவரம்மா. நான் கீழே ஹாலில் சோதனைக்கு மானிட்டர் மாட்டுகிறவன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் இந்தச் சண்டை எனக்குப் புரியும்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் கார்டு மானிட்டரிடம், நீ யார், எவ்வளவு பெரிய படம் காட்டுவாய் என்று கேட்க வேண்டும். இரண்டே கம்பியில் நடக்கிற பேச்சு. டிரைவரம்மாவின் புரோகிராம் அந்தக் கம்பிகளைத் தானே ஒவ்வொரு தடவையாக ஏற்றி இறக்கிக் கேட்கும். பழைய மானிட்டர் ஒரு கம்பியைக் கீழே பிடித்துக்கொண்டு 'இரு, சொல்றேன்' என்றால், பேசாமல் காத்து நிற்கும்.

மேனேஜருக்கு வேண்டியது வேறு. கார்டின் சிப்புக்குள்ளேயே இந்த வேலைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதனிடம் விட்டால் கண் மூடித் திறப்பதற்குள் கேட்டு முடித்துவிடும். ஆனால் அது ரொம்ப நேரம் நிற்காது. பதில் தாமதமானால் மானிட்டரே இல்லை என்று முடிவு கட்டிவிடும். திரை இருட்டு.

"பழைய மானிட்டர் வெச்சிருக்கவங்க என்ன செய்வாங்க சார்?" என்றார் டிரைவரம்மா.

"அப்படி ஒண்ணு இருக்கான்னு முதல்ல பார்ப்போம். ஹால்ல நாப்பத்தொண்ணு இருக்கே. எல்லாத்தையும் சிப்பு முறையில மாட்டிப் பார்த்துப் பெரியவர் நாளைக்குச் சொல்லட்டும்," என்று மேனேஜர் என்னைக் கை காட்டினார்.

எல்லாவற்றிலும் படம் வந்துவிட்டால் டிரைவரம்மாவின் முறைக்கு வேலையில்லை, அவருக்கும் இல்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் இனி யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேன்டீனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. நல்லா வேணும் என்று இருந்தேன்.

காரணம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் மேல்மாடியில், சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்சில் ஓர் இடம் காலி. மேஜை, நாற்காலி, ஏசி. முதுகு ஒடிய மானிட்டர் தூக்க வேண்டாம். எனக்கென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அப்போது இந்தம்மா நிர்வாகத்துக்கு எழுதினார், 'இவரை ஹாலை விட்டு எடுக்காதீர்கள்' என்று. கிளார்க்தான் அந்த வரியைப் படித்துச் சொன்னான். என்னைவிடச் சின்னவன் ஒருத்தன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஆறு மாதத்தில் அவனைக் காணோம். இன்னும் பெரிய நாற்காலி கிடைத்திருக்கும் என்று அதற்கும் வயிறெரிந்தேன்.

அன்றிலிருந்து டிரைவரம்மா "சாப்பிட்டீங்களா அண்ணே" என்றால் என் பதில் ஒரு 'ம்'. நாலு வருஷமா அந்தம்மாவைத் திட்டித்திட்டியே சாப்பிடுறீங்களே, ஒரு தடவை ஏன்னு கேட்டா வாய் வெந்துடுமா என்பாள் என் வீட்டுக்காரி. நான் கேட்கவில்லை.

மறுநாள் ஒவ்வொன்றாக மாட்டினேன். நாற்பதில் பளிச்சென்று படம் வந்தது. இருபத்தேழாம் நம்பர் மட்டும் இருட்டு. பின்பக்கம் தடித்து, ஓரமெல்லாம் மஞ்சள் ஏறிய பழசு. டிரைவரம்மாவின் முறைக்கு மாற்றினேன். யோசித்து யோசித்து, மூன்றாவது விநாடியில் அதுவும் படம் காட்டியது.

இருபத்தேழைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்கு அடியில் வைத்து, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினேன்.

சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நாற்பதும் நன்றாக இருக்கிறது, இருபத்தேழு பழுது, ஓரம் கட்டியாச்சு.

"எப்ப பழுதாச்சு அண்ணே?" என்று டிரைவரம்மா மெதுவாகக் கேட்டார்.

"நேத்து."

என்னையே பார்த்தார். அன்று காலை நான் ஹாலுக்குள் நுழையும்போது அவர் இருபத்தேழைத்தான் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் படமும் வந்திருந்தது. அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் வாயைத் திறந்தால் என் வேலை அந்த நிமிடமே போயிருக்கும்.

"சரி அண்ணே" என்று நோட்டை மூடினார்.

எனக்குச் செய்த பாவம் வாயை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அவர் போனார். ஹால் வாசலில் நின்று "வரேன் அண்ணே" என்றார். நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் ஹாலுக்கே வந்தார். கையில் என் ஃபைல்.

எல்லா மானிட்டர் மாதிரியும் பதில் சொல்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கியாகிவிட்டதாம். சிப்பு முறைக்கு அது போதுமாம். இனி கையால் மாட்ட ஆள் வேண்டாமாம்.

"அப்ப என்னை மேல எங்கயாவது போடுங்க சார். நாலு வருஷம் முன்னாடியே போயிருக்க வேண்டியவன். அந்தம்மா எழுதிக் கெடுத்துட்டாங்க."

மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கெடுத்தாங்களா? நீங்க அதை முழுசாக் கேட்டீங்களா இல்லையா?"

ஃபைலைப் புரட்டி அவரே படித்துச் சொன்னார்.

'இவரை ஹாலை விட்டு எடுக்காதீர்கள். டெஸ்பாட்சை ஆறு மாதத்தில் மூடப் போகிறீர்கள் என்று அறிகிறேன். அங்கே போனால் இவர் வேலையும் அதோடு போய்விடும். என் முறை இருக்கிறவரை மானிட்டர்களைக் கையால் மாட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். அது இவராக இருக்கட்டும்.'

"சார், அந்த இருபத்தேழு..." என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

மேனேஜர் ரொம்ப நேரம் நிற்கவில்லை.