முழு வாக்கியம்

ஜன்னலோரம் உதவிச் சங்கத்து மகேந்திரன் சேர் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் பேச்சுப் பயிற்சி டீச்சர் ஸில்மியா. எதிரே, டயகம தோட்டத்திலிருந்து வந்திருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் யோகேஸ்வரி. அவள் மடியில் ஐந்து வயது மகள் நிவேதா.

நிவேதாவுக்குக் காதில் ஆபரேஷன் செய்து கருவி வைத்திருந்தார்கள். பெட்டரி இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் கேட்காது. அதைக் கொடுப்பது சங்கம். பிள்ளை முழு வாக்கியம் பேசிவிட்டால், அந்த உதவி காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும்.

ஸில்மியா பூனைப் படத்தைக் காட்டினாள். "இது என்ன செல்லம்?"

பூனை, பந்து, பஸ், வாழைப்பழம், எதற்கும் நிவேதா வாய் திறக்கவில்லை. போன தடவை இதே படங்களுக்குத் துள்ளித் துள்ளிச் சொல் சொன்ன பிள்ளை. ஸில்மியா படங்களை மூடி வைத்தாள்.

"வீட்டுல பேசுறாளா?"

"எங்க டீச்சர்? நான்தான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். இவ கல்லுப் புள்ளையாராட்டம் இருக்கா."

"பாவம், இன்னும் ஒரு வருஷம் குடுப்போம். கொழும்பு ஒபீசுக்கு எழுதுங்க டீச்சர்," என்றார் சேர்.

ஸில்மியா கடிதத்தை எழுதி முடித்து, நிவேதாவிடம் ஒரு டொபியை நீட்டினாள். "டீச்சரோட கோவமா?"

"கோவம் இல்ல டீச்சர். பேசுனா பெட்டரி தரமாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க."

யோகேஸ்வரி மகளின் வாயைப் பொத்தியபோது வாக்கியம் முடிந்திருந்தது.

"அடேயப்பா! சந்தோஷந்தானே தாயி?" என்றார் சேர்.

"சந்தோஷந்தான் சேர்," என்றாள் அவள், பொத்திய கையை எடுக்காமல்.

ஸில்மியா அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, பிள்ளை முழு வாக்கியம் பேசிவிட்டாள் என்று வேறொன்று எழுதினாள். உறையை ஒட்டி, தபாலுக்குப் போகிறவரிடம் கொடுத்தாள்.