கொடியில் கிடந்த துண்டு

வீட்டுக்குள் நின்றவர்கள் மூன்று பேர்: சுகாதார ஆய்வாளர், நர்ஸ் ஜெனிட்டா, வீட்டுக்காரி தவமணி. ரசாயன ஆலையில் வாயு கசிந்ததும் தெருவையே காலி செய்திருந்தார்கள். முகாமிலிருந்து ஒருமுறை வந்து பார்த்துப் போகலாம், எதையும் எடுத்துப் போகக் கூடாது. தவமணி மாஸ்க்கை இறக்கிவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்தினாள். பரோட்டா மாஸ்டரான புருஷன் கடைசியாகத் தோளிலிருந்து கழற்றிப் போட்டது. வாயு அவனைக் கொன்றது. அவளுக்கு வாசனை தெரியாமல் செய்துவிட்டது.

“ஒண்ணுமே வரல. நீங்க மோந்து சொல்லுங்க சிஸ்டர்.”

“மாஸ்க்கைக் கழட்டாதீங்க” என்றார் ஆய்வாளர். ஜெனிட்டா கழற்றினாள்.

“வேர்வை, அக்கா. அப்புறம் வெங்காயம்.”

“டால்டா?”

ஜெனிட்டா மறுபடி மோந்தாள். “ஆமா, டால்டாவும்.”

“அவரேதான். குளிச்சிட்டு கிட்ட வாய்யான்னு தெனம் வெரட்டுவேன்.”

தவமணி துண்டைக் கொடியிலேயே போட்டுவிட்டு, ஆய்வாளர் திறந்து வைத்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

“காத்து ஓடணும்மா. இல்லன்னா விஷம் உள்ளயே தங்கிடும்.”

“தங்கட்டும் சார். கூட இதுவும் தங்கும்ல.”

கடைசி ஜன்னலின் கொக்கியையும் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆய்வாளர் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.