கழித்தது போக

"தொழில் தெரிஞ்சவன் சொல்லட்டும்மா. அவன் சொல்றதுக்கு மேல அட்வான்ஸ்ல ஒரு பைசா நான் பிடிக்கமாட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

தொழில் தெரிந்தவன் நான்தான். பெயிண்டர்.

காலி வீட்டின் கூடத்தில் வீட்டுக்காரர், இதுவரை குடியிருந்த நர்ஸம்மா, நான் என்று மூன்று பேரும் நின்றிருந்தோம். பேசினால் எதிரொலித்தது. வாசலில் நர்ஸம்மாவின் சாமான்களை ஏற்றிய வண்டி. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டான்.

நர்ஸம்மாவைக் காலி செய்யச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. மகன் குடிவரப் போகிறான் என்று வீட்டுக்காரர் காரணம் சொன்னார். அந்த மகன் இந்தப் பக்கம் தலைகாட்டி மூன்று வருடம் இருக்கும். போனிலேயே குடியிருப்பான் போலிருக்கிறது. கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் வந்துவிட்டது என்பது தெருவுக்கே தெரியும்.

நர்ஸம்மா சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, தூக்கத்தை விட்டு வீடு தேடினார். கிடைத்தும்விட்டது. இன்று சாயங்காலத்துக்குள் அங்கே அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி. இங்கே வாங்கி அங்கே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"எவனையோ கூப்பிட்டு மட்டமான சரக்கைப் பூசி வெச்சிருக்காங்க. நீ பாத்துச் சொல்லு."

அந்த எவனோவும் நான்தான்.

போன வாரம் நான்கு நாள் இந்த வீட்டில் வேலை. பழைய பெயிண்டைச் சுரண்டி, ஓதம் ஏறிய மூலைக்குத் தனியாக மருந்து பூசி, சுவரைச் சமமாக்கப் பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட். காலி செய்கிற வீட்டுக்கு ஒரு கோட் போதும் என்று நானே சொன்னேன்.

"வேண்டாம் அண்ணே. ஒரு குத்தம் சொல்ல இடம் வெக்கக் கூடாது" என்றார் நர்ஸம்மா. கூலியில் பேரம்கூடப் பேசவில்லை.

அடித்தது நான் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. சற்று முன் அவருக்குப் பின்னால் நான் உள்ளே நுழைந்தபோது நர்ஸம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். சாட்சியே நேரில் வந்துவிட்டது, இனி என்ன பயம் என்கிற மாதிரி.

சுவரை நகத்தால் கீறினேன். ஒன்றும் உதிரவில்லை. என் கை வேலை அப்படி உதிராது.

பையைத் திறந்து பட்டித் தகட்டை எடுத்தேன். முனையை வைத்து அழுத்தி இழுத்தேன். முதல் இழுப்பில் ஒரு கோடுதான் விழுந்தது. இரண்டாவதில் ஒரு சில்லு பெயர்ந்து என் காலடியில் விழுந்தது.

"பட்டியே பிடிக்கல" என்றேன். "அதுவும் ஒத்தக் கோட்தான். பூராத்தையும் சுரண்டிட்டுத் திரும்ப அடிக்கணும்."

தகட்டைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் நோட்டை நீட்டினார். சுரண்டுவதற்கு இவ்வளவு, சரக்குக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். கழித்தது போக அட்வான்ஸில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று வருகிற வழியிலேயே வீட்டுக்காரர் சொல்லி அழைத்து வந்திருந்தார்.

"யாரும்மா அடிச்சது? வேலை தெரியாத ஆளா இருப்பான் போலிருக்கே."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அவர் கைப்பையில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரசீது இருக்கிறது. எடுத்து நீட்ட ஒரு நிமிடம் ஆகாது. நான் துடைத்த தகட்டையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேங்க" என்றார். "தெரியாத ஆளாப் போயிட்டாரு."

மீதிப் பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டார். சாவியை ஜன்னல் திட்டில் வைத்தார். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் தேயும்வரை நான் வாசல் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்காரர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு தெரு தள்ளி என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அதுவும் அவர் வீடுதான்.

வாசலில் மூட்டைகள். என் மனைவி விடிந்ததிலிருந்து கட்டி அடுக்கியவை. நான்கு மாத வாடகை பாக்கி. எங்களுக்கும் அவர் வைத்த கெடு இன்றைக்குத்தான்.

"எல்லாத்தையும் உள்ள எடுத்து வெய்யும்மா. பாக்கியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அவள் அவர் போன திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"என்னங்க சொல்லி அவர் மனசை மாத்துனீங்க?"

நான் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

மானம் போகுமே என்று எங்கள் கெடுவைப் பற்றி அக்கம்பக்கத்தில் மூச்சு விட்டதில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். போன வாரம், இரண்டாவது கோட் காய்வதற்காகக் காத்திருந்தபோது, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினேன்.

நர்ஸம்மாவிடம்.